10 அடி ஹால், 90 ஆயிரம் பட்ஜெட்: 65 இன்ச்சா, 75 இன்ச்சா?

காவிரிக்கரை

வணக்கம் நண்பர்களே. திருச்சியில் அபார்ட்மெண்ட் வீடு. சோபாவில் தலை சாயும் இடத்திலிருந்து டிவி மாட்டும் சுவர் வரை டேப் வைத்து அளந்தால் 10 அடி வருகிறது. இப்போது இருப்பது 43 இன்ச் ஃபுல் எச்டி. அதில் ஒரு ஓரம் மஞ்சளடிக்கத் தொடங்கிவிட்டது. தீபாவளிக்குள் பெரியதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று எண்ணம். பட்ஜெட் 90 ஆயிரம், இழுத்துப் பிடித்தால் ஒரு லட்சம்.

வீட்டு நிலவரம் இதுதான். பகல் முழுக்க அம்மா கேபிளில் சீரியல், நடுநடுவே செய்தி. இரவில் நானும் மனைவியும் ஓடிடியில் படம். மகன் பிஎஸ்5 கேம் பெட்டி கேட்டுக்கொண்டிருக்கிறான், அது தனிக் கதை. டிவி சுவருக்கு எதிரே கிழக்கு பார்த்த பெரிய ஜன்னல்.

கடைக்காரர் க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என்று அடுக்கியதில் தலை சுற்றிவிட்டது. 65 போதுமா, 75 போகலாமா? ஓஎல்இடி அவசியமா?

கோவைக்குசும்பன்

100 இன்ச் வாங்குங்க அண்ணே. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற செலவு மிச்சம்.

அளவுகோல்

குசும்பன் கிண்டலாகச் சொன்னாலும் கணக்குப்படி அவர் சொல்வது முழுத் தப்பு இல்லை. திரையின் மூலைவிட்டத்தை 1.6-ஆல் பெருக்கினால் வருவது சாதாரணமாகப் பார்க்க ஏற்ற தூரம். 1.2-ஆல் பெருக்கினால் தியேட்டர் மாதிரி கண் நிறையப் பார்க்கும் தூரம். 65 இன்ச்சுக்கு இது எட்டரை அடியும் ஆறரை அடியும். 75-க்கு 10 அடியும் ஏழரை அடியும். 10 அடி என்பது 120 இன்ச், அதை 1.2-ஆல் வகுத்தால் 100 வருகிறதே!

ஆக, தூரத்தை மட்டும் பார்த்தால் உங்கள் ஹாலுக்கு 75 சரியாகப் பொருந்துகிறது. 65-லிருந்து 75 என்பது பேச்சுக்கு 10 இன்ச்தான், ஆனால் பரப்பளவில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பெரிய டிவி வாங்கி வருத்தப்பட்டவர் என் பழக்கத்தில் யாரும் இல்லை. முதல் இரண்டு நாள் ராட்சசன் மாதிரி தெரியும், அப்புறம் கண் பழகிவிடும்.

8கே (4கே-யைப் போல நாலு மடங்கு புள்ளி உள்ள திரை) பக்கம் போகவே வேண்டாம். 65 இன்ச்சில், எட்டரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் ஃபுல் எச்டி புள்ளிகளையே நல்ல கண்ணால்கூடப் பிரித்துப் பார்க்க முடியாது. 4கே-யின் கூர்மையை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் நாலு அடி பக்கத்தில் போக வேண்டும். அப்படியிருக்க 8கே யாருக்கு?

பழையரேடியோ

தம்பி அளவுகோல், கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கு நல்ல படத்துக்குப் போட்டது. காவிரிக்கரை வீட்டில் பகல் முழுக்க ஓடப்போவது கேபிள். அதைக் கொஞ்சம் பேசுவோம். (டிவி ரிப்பேர் வேலையில் நரைத்த தலை, அதனால் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சாதாரண, அதாவது எச்டி இல்லாத சேனலில் வருவது அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளி. பெருக்கினால் 4,14,720. 4கே திரையில் இருப்பது 3840-க்கு 2160, அதாவது 82,94,400. வகுத்துப் பாருங்கள், மிகச் சரியாக 20 மடங்கு. திரையில் தெரியும் ஒவ்வொரு 20 புள்ளியிலும் ஒன்றுதான் சேனல் அனுப்பியது, மீதி 19-ஐ டிவி தானாக யூகித்து நிரப்புகிறது. நல்ல சிப் உள்ள டிவி இந்த யூகத்தைப் பதமாகச் செய்யும். மலிவான டிவியில் சீரியல் நாயகியின் முகம் மெழுகு பூசினாற்போல இருக்கும், புடவை ஜரிகை நெளியும். திரை பெரிதாக ஆக இந்தக் குறையும் பெரிதாகும்.

ஆகவே முதல் வேலை: செட்டாப் பாக்ஸின் பின்னால் போய்ப் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்று ஒயர்தான் செருகியிருக்கிறதா? எச்டி பாக்ஸ் வாங்கிவிட்டு அந்த மூன்று ஒயரிலேயே வருஷக்கணக்காக ஓட்டுகிற வீடுகளை எண்ணி முடியாது. அந்த ஒயர் வழியாக எச்டி வராது, எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். அம்மா பார்க்கும் நாலைந்து சேனலுக்காவது எச்டி போடுங்கள். இதைச் செய்யாமல் 75 மாட்டினால் அம்மா முதல் நாளே "பழைய டிவியே தெளிவா இருந்துச்சு" என்று சொல்வார், சொன்னது உண்மையாகவும் இருக்கும்.

அதே பாக்ஸ் செட்டிங்கில் இன்னொன்றும் இருக்கிறது. பழைய படங்கள் 4:3 வடிவத்தில் வரும். அதை இழுத்துத் திரை முழுக்கப் பரப்பினால் ஹீரோ, ஹீரோயின், குதிரை எல்லாமே குண்டாகிவிடும். இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரட்டும், விட்டுவிடுங்கள்.

இருட்டறைரசிகன்

இரவில் படம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள், அதனால் ஓஎல்இடிக்கு ஒரு ஓட்டு. எல்சிடியில், அது க்யூஎல்இடியோ மினி எல்இடியோ எதுவானாலும், பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், முன்னால் இருக்கும் திரவப் படிகம் அதை மறைக்கப் பார்க்கும். முழுதாக மறைக்காது. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். கருப்பு என்றால் கருப்பு.

இது எங்கே தெரியும் என்றால், நம் படங்களில் பெரும்பாலானவை சினிமாஸ்கோப், அதாவது டிவி திரையைவிட அகல வடிவம். 65 இன்ச் திரையின் உயரம் ஏறக்குறைய 81 செ.மீ. ஸ்கோப் படம் அதில் 60 செ.மீ.தான் எடுத்துக்கொள்ளும். மேலும் கீழும் சேர்த்து 20 செ.மீ.க்கு மேல் கருப்புப் பட்டை. விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது சாதாரண எல்இடி டிவியில் அந்தப் பட்டை சாம்பல் நிறத்தில் மினுங்கும். ஒருதடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதுவேதான் தெரியும். ஓஎல்இடியில் பட்டை இருட்டோடு இருட்டாகிவிடும்.

அதுவும் போக, ஓரமாக உட்கார்ந்து பார்த்தாலும் கலர் மாறாது.

பழையரேடியோ

ரசிகன் சார், படத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு சொல் மறுப்பில்லை. ஆனால் இந்த வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம் என்பேன். காரணம் செய்திச் சேனல். மூலையில் நகராத லோகோ, கீழே சிவப்பில் பிரேக்கிங் பட்டை, அதற்கும் கீழே ஓடும் எழுத்து. ஓஎல்இடியில் அதிகம் எரிகிற புள்ளி சீக்கிரம் தேயும். தினமும் மணிக்கணக்கில் ஒரே சேனல் ஓடினால் அந்தப் பட்டையின் நிழல் திரையிலேயே தங்கிவிடும். இதைத் தடுக்க நிறுவனங்கள் நிறைய ஏற்பாடு செய்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு முக்கியமான ஏற்பாடு நம் வீட்டுப் பழக்கத்தோடு மோதுகிறது.

ரிமோட்டில் அணைத்த பிறகு, டிவி ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது, தன் புள்ளிகளைத் தானே சரிபார்த்துச் சமன் செய்துகொள்ளும். உதாரணத்துக்கு எல்ஜியில், மொத்தமாக நாலு மணி நேரம் ஓடியதும் அடுத்த தடவை அணைக்கும்போது இந்த வேலை நடக்கும். அதற்குக் கரண்ட் வேண்டும். நம் வீட்டில் என்ன செய்கிறோம்? டிவியை நிறுத்தினால் சுவர் சுவிட்சையும் சேர்த்துத் தட்டுகிறோம். இடி இடித்தால் பிளக்கையே பிடுங்குகிறோம். சிக்கனத்துக்கும் பாதுகாப்புக்கும் நல்ல பழக்கம்தான், ஆனால் ஓஎல்இடிக்கு அது ஆகாது.

உங்கள் வீட்டில் நீங்கள் இரண்டு பேர் மட்டும், இரவில் மட்டும் பார்ப்பதென்றால் நானே ஓஎல்இடி என்று சொல்லியிருப்பேன்.

காவிரிக்கரை

சுவிட்ச் விஷயம் அப்படியே எங்கள் வீடு. அம்மா தூங்கப் போகுமுன் எல்லா சுவிட்சையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் படுப்பார். ஓஎல்இடி ஆசையை விட்டுவிட்டேன். அப்படியானால் க்யூஎல்இடியா மினி எல்இடியா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கடையில் கேட்டால் "இது லேட்டஸ்ட் சார்" என்கிறார்கள்.

அளவுகோல்

அவை ஒன்றுக்கொன்று மாற்று இல்லை, வேறு வேறு சமாச்சாரம். க்யூஎல்இடி என்றால் பின்விளக்குக்கும் திரைக்கும் நடுவில் குவாண்டம் டாட் படலம் ஒன்று இருக்கிறது, அதனால் கலர் செழிப்பாக இருக்கும் என்று அர்த்தம். விளக்கு எப்படிப்பட்டது என்று அந்தப் பெயர் சொல்லாது. ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த மட்டமான டிவிக்கும் க்யூஎல்இடி என்று பெயர் ஒட்டலாம், ஒட்டுகிறார்கள்.

மினி எல்இடி என்பது விளக்கைப் பற்றியது. திரைக்குப் பின்னால் பரவலாகப் பொடிப்பொடி விளக்குகள், அவை தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். காட்சியில் இருட்டான இடத்துக்குப் பின்னால் விளக்கு மங்கும், வெளிச்சமான இடத்தில் பளிச்சிடும். இதற்கு லோக்கல் டிம்மிங் என்று பெயர். எத்தனை பகுதி என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாது, ஆனால் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும். நூற்றுக்கணக்கில் இருந்தால் நல்லது. அது கம்மியாக இருந்தால் நிலவுக் காட்சியில் நிலாவைச் சுற்றி வெள்ளையாக ஒளிவட்டம் தெரியும்.

சரி, 75 என்று நான் சொன்னதில் ஒரு திருத்தம். உங்கள் பட்ஜெட்டுக்கு 75-ல் கிடைப்பது பெரும்பாலும் லோக்கல் டிம்மிங் இல்லாத ரகம். அதே காசுக்கு 65-ல் ஒழுங்கான மினி எல்இடி தேடினால் கிடைக்கும். கேபிளையும் ஜன்னல் வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்த்தால் 65 பக்கம் சாய்கிறேன்.

வாசன்சாலைவாசி

எச்டிஆர் (இருட்டையும் வெளிச்சத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் படமுறை) பற்றி யாரும் சொல்லவில்லையே? பெட்டியில் எச்டிஆர்10, டால்பி விஷன் என்று லோகோ இருந்தால் போதுமா? எனக்கும் அடுத்த மாதம் வாங்க வேண்டும்.

அளவுகோல்

லோகோவுக்கு அர்த்தம், அந்தச் சிக்னல் வந்தால் டிவி வாங்கிக்கொள்ளும் என்பது மட்டும்தான். அதைக் காட்டும் அளவு வெளிச்சம் திரைக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வெளிச்சம் குறைந்த டிவியில் எச்டிஆர் படம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகத் தெரிவது வாடிக்கை. உச்ச வெளிச்சம் எத்தனை நிட்ஸ் என்று நிறுவனம் சொல்வதை நம்பாமல், அளந்து எழுதும் விமர்சனங்களில் பாருங்கள். ஜன்னல் எதிரே இருக்கிற வீட்டுக்கு இந்த எண் முக்கியம்.

டால்பி விஷன் வேண்டும் என்று மனதில் இருந்தால், சாம்சங்கில் அது கிடையாது, அவர்கள் எச்டிஆர்10+ பக்கம். இதற்காக ஒரு நல்ல டிவியை ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஆட்டக்காரன்

மகனுக்காக நான் பேசுகிறேன் அண்ணா :) பிஎஸ்5 வரப்போவதாக இருந்தால் 120 ஹெர்ட்ஸ் பேனல் (நொடிக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிக்கும் திரை), அந்த வேகத்துக்கு ஏற்ற எச்டிஎம்ஐ 2.1 போர்ட் இரண்டும் பார்த்து வாங்குங்கள். "மோஷன் 200", "மோஷன் 240" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், அது விளம்பர எண். பேனலின் நிஜமான ரிஃப்ரெஷ் ரேட் என்ன என்று கேளுங்கள். இன்னொரு சிக்கல்: சில மாடல்களில் 55-க்கும் 65-க்கும் 120 ஹெர்ட்ஸ் இருக்கும், அதே வரிசையின் சின்ன அளவில் 60-தான் இருக்கும். அளவோடு சேர்த்து மாடல் எண்ணைச் சரிபாருங்கள்.

கேம் ஆடாதவர்களுக்கும் 120-ஆல் லாபம் உண்டு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். 120-ஐ 24-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 5 வருகிறது. 60-ஐ வகுத்தால் இரண்டரை, அதனால் ஒரு ஃபிரேமை மூன்று தடவை, அடுத்ததை இரண்டு தடவை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் லேசான தடுக்கல் தெரியும்.

சிராங்கூன்ரோடு

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஊருக்கு வரும்போது ஒரு டிவி தூக்கி வரச் சொல்லி எங்கள் வீட்டிலும் கேட்பார்கள். ஒருகாலத்தில் திருச்சி விமானத்தில் டிவி பெட்டி இல்லாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். 2013 ஆகஸ்டில் தட்டைத்திரை டிவிக்கு இருந்த சுங்கச் சலுகையை எடுத்தார்கள், அத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது. இங்கே வாங்கியதற்கு அங்கே வாரண்டியும் கிடைக்காது. 65 இன்ச்சை விமானத்தில் ஏற்றுவதை நினைத்தே பார்க்க வேண்டாம். ஊரிலேயே வாங்குங்கள்.

கணக்குப்பிள்ளை

வரி குறைந்ததை வைத்து "10 சதவீதம் குறைத்துவிட்டோம்" என்று கடைகளில் சொல்வதைக் கேட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது உண்மை. (32 வரை உள்ளவற்றுக்கு 2019 ஜனவரி முதலே 18-தான்.) ஆனால் விலையில் குறைவது 10 சதவீதம் இல்லை. பழைய விலை ஒரு லட்சம் என்றால் அதில் டிவியின் அடக்கம் 78,125, மீதி வரி. புதிய வரி சேர்த்தால் 92,188. ஆக லட்சத்துக்கு 7,812 ரூபாய் குறைவு. அதற்குக் கீழே வந்தால்தான் கடைக்காரர் தன் கையிலிருந்து கொடுக்கும் தள்ளுபடி.

மெயின்கார்டுகேட்

நானும் திருச்சிதான். கடையில் எப்படிப் பார்ப்பது என்று யாராவது விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும். அங்கே எல்லா டிவியும் அழகாகத்தான் இருக்கிறது.

இருட்டறைரசிகன்

அழகாகத்தான் இருக்கும். கடை டெமோ மோடில் எல்லாமே "விவிட்". தக்காளி, கிளி, பனிமலை மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டும் வீடியோவில் எந்த டிவியும் தோற்காது. முதலில் ரிமோட்டை வாங்கி சினிமா மோடுக்கோ ஃபிலிம்மேக்கர் மோடுக்கோ மாற்றுங்கள். படம் உடனே மஞ்சளாக, மங்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம். இயல்பான கலர் அதுதான்.

ஒரு பென்டிரைவ் எடுத்துப் போங்கள். அதில் மூன்று போதும். ஒன்று, கருப்பில் வெள்ளை எழுத்து வரும் டைட்டில். எழுத்தைச் சுற்றிக் கருப்பு எவ்வளவு வெளுக்கிறது என்று பாருங்கள். எழுத்து இருக்கும் இடத்தோடு நேர்க்கோட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டையே வெளுத்தால் அது ஓரத்து விளக்கு. இரண்டு, கிரிக்கெட். பந்து பவுண்டரிக்குப் போகும்போது கேமரா பச்சை மைதானத்தின் மேல் வேகமாக நகரும் இல்லையா, அப்போது திரையில் அழுக்குப் படிந்த மாதிரி நகராத திட்டுகள் தெரிகிறதா? பேனல் சீராக இல்லை என்று அர்த்தம். மூன்று, உங்கள் வீட்டில் ஓடும் சாதாரண சேனல் தரத்தில் ஏதாவது ஒரு சீரியல் துண்டு. பழையரேடியோ சார் சொன்ன யூகம் எப்படி இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

அப்புறம் எழுந்து ஓரமாக நடந்து போங்கள். பக்கவாட்டில் கலர் வெளுத்தால் அது பெரும்பாலும் விஏ பேனல், நேரே பார்த்தால் கருப்பு நன்றாக இருக்கும் ரகம். வெளுக்கவில்லை, ஆனால் கருப்பு சாம்பலாக இருக்கிறது என்றால் ஐபிஎஸ். அம்மா எங்கே உட்கார்வார் என்பதைப் பொறுத்துத் தேர்வு செய்யுங்கள்.

காவிரிக்கரை

அம்மாவின் நாற்காலி ஓரத்தில்தான், பால்கனிக் கதவுப் பக்கம். அதைச் சோபாவுக்கு இந்தப் பக்கம் நகர்த்திவிட்டால் சரியாகிவிடும் போலிருக்கிறது. அவரிடம் பேசிப் பார்க்கிறேன், டிவி வாங்குவதைவிட அது கஷ்டம்.

மாட்டுவதில் ஒரு சந்தேகம். இப்போதைய டிவி ஆசாரி செய்த மர ஷோகேஸில் இருக்கிறது. நடுவில் டிவி வைக்கும் இடம் 4 அடி அகலம். 65 அதில் வராது என்று தெரியும். ஒருவேளை மனைவி சம்மதிக்காவிட்டால் 55-ஆவது வருமா?

பழையரேடியோ

வராது. 55 இன்ச்சின் படப் பரப்பே கிட்டத்தட்ட 122 செ.மீ. அகலம். 4 அடி என்பதும் 122 செ.மீ.தான். பிரேமைச் சேர்த்தால் ஒரு செ.மீ. வெளியே நிற்கும். அந்த ஒரு செ.மீ.க்காக ஷோகேஸை அறுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 65 என்றால் அகலம் ஏறக்குறைய 4 அடி 9 அங்குலம். ஷோகேஸை அடுத்த சுவருக்கு மாற்றிவிட்டு டிவியைச் சுவரில் மாட்டுங்கள். ஸ்டாண்டில் வைப்பதென்றால் கால்கள் இரண்டும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பாருங்கள். இப்போது பல டிவிகளுக்குக் கால் இரண்டு ஓரத்திலும் இருக்கிறது, பழைய மேஜை போதாது.

உயரம்: உட்கார்ந்தால் கண் எங்கே இருக்கிறதோ அங்கே திரையின் நடுப்பகுதி வர வேண்டும். தரையிலிருந்து மூன்றரை அடி சொச்சம். மாட்ட வரும் பையன்கள் பழக்க தோஷத்தில் சாமி படம் மாட்டும் உயரத்தில் ஓட்டை போடுவார்கள். நீங்களே பென்சிலால் குறித்துவையுங்கள். சுவர் செங்கலா, எடை குறைந்த பிளாக்கா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற போல்ட் வேறு.

மின்சாரத்துக்கு: இன்றைய டிவிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படிதான் வருகின்றன, குறைந்த வோல்டேஜ் பெரிய பிரச்சினை இல்லை. எகிறி வரும் வோல்டேஜும் இடியும்தான் போர்டைக் கொல்லும். நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒன்று போடுங்கள். கேபிள் ஒயர் வழியாகவும் இடி வரும், மழைக்காலத்தில் அதையும் கழற்றுங்கள். மினி எல்இடிதானே, சுவிட்சை அம்மா அணைத்தால் அணைக்கட்டும்.

வாசன்சாலைவாசி

டெலிவரி பற்றி ஒன்று. எங்கள் வீட்டுக்கு வந்த டிவி பெட்டியைப் படுக்க வைத்துத் தூக்கி வந்தார்கள். பிரித்தால் மூலையில் கீறல். கடை, டெலிவரி, கம்பெனி மூன்று பேரும் மாறி மாறிக் கை காட்டினார்கள். உடைந்த பேனல் வாரண்டியில் வராது, புதுப் பேனல் விலை ஏறக்குறைய புது டிவி விலை. ஆகவே பெட்டி நிமிர்ந்த நிலையில்தான் வர வேண்டும் என்று சொல்லுங்கள். மாட்ட வருபவர் வரும்வரை பிரிக்காதீர்கள். பிரிக்கும்போது ஆரம்பத்திலிருந்து மொபைலில் வீடியோ எடுங்கள். லிஃப்டை முன்னாலேயே அளந்துவிடுங்கள், 65-க்கான பெட்டி ஐந்தடிக்கு மேல் நீளம்.

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. 65 மினி எல்இடி, 120 ஹெர்ட்ஸ். இரண்டு மாடல் குறித்துவைத்திருக்கிறேன், சனிக்கிழமை பென்டிரைவோடு போகிறேன். மிச்சமாகும் காசில் எச்டி பாக்ஸும் முடிந்தால் ஒரு சவுண்ட்பாரும். பழைய 43-ஐ எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாமா?

கணக்குப்பிள்ளை

எக்ஸ்சேஞ்ச் என்று வாயைத் திறக்காமல் முதலில் கடைசி விலையைப் பேசி முடியுங்கள். அப்புறம் பழைய டிவியைப் பற்றிக் கேளுங்கள். முதலிலேயே சொன்னால் தரவேண்டிய தள்ளுபடியையே எக்ஸ்சேஞ்ச் விலை என்று சொல்லித் தருவார்கள். ஆயிரம் இரண்டாயிரம்தான் கிடைக்கும் என்றால் கொடுக்காதீர்கள், மகன் அறையில் மாட்டிவிடுங்கள். பிஎஸ்5 வந்தால் ஹால் டிவிக்கு நீங்கள் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.

ஆட்டக்காரன்

ஐயோ, 43 ஃபுல் எச்டியிலா பிஎஸ்5? பிள்ளை பாவம் அண்ணா.